வலிக்காத புண்

எங்கள் குழுவில் எட்டுப் பேர். அதில் ஒருத்திக்கு எதிர்க்கட்சி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. எது சொன்னாலும் மறுத்துப் பேசுகிறாள் என்று சூப்பர்வைசர் முதல் மாதமே கேலியாக வைத்த பெயர் அது. அவள் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டாள். புதிதாக வருகிறவர்கள் "உங்க பேரு என்னக்கா?" என்று கேட்டால், முகத்தில் சிரிப்பே இல்லாமல் "எதிர்க்கட்சி" என்பாள்.

என்னை மிளகாய் என்பார்கள். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, படித்தால் தெரியும். அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் தங்கச்சி சிரித்தாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரு வருஷம் முகம் குடுத்துப் பேசலையே. நீயா எழுதப்போற?" ஆமாம், நான்தான் எழுதுகிறேன். அவளை மற்றவர்களைவிட அதிகம் திட்டியவள் நான். எழுத வேண்டிய கடமையும் எனக்குத்தான்.

எங்கள் வேலை புல் வெட்டுவது. தோட்டமோ பூங்காவோ இல்லை, சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கிற பண்ணை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பலகைகள் சாய்ந்து நிற்கும். சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்காங்க" என்பார்கள். இறங்கி வந்து பலகைக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்ல வேண்டும் அவர்களை. தூசு போகப் பலகைகளைக் கழுவுகிறோம் அல்லவா, அந்தத் தண்ணீர் எல்லாம் அடியில்தான் இறங்கும். நிழலும் ஈரமும் சேர்ந்தால் புல்லுக்குக் கேட்கவா வேண்டும். இடுப்பு உயரம் வளர்ந்து கண்ணாடி மேல் நிழல் தட்டினால் மின்சாரம் குறையும். அதனால் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கோடியை முடிப்பதற்குள் அந்தக் கோடியில் முளைத்துவிடும்.

வரிசைகளுக்கு நடுவே வெட்ட மெஷின். அதைத் தோளில் மாட்டி, இடுப்பில் பெல்ட் போட்டு இறுக்கிக்கொள்ள வேண்டும். பலகைகளுக்கு அடியில் மெஷினைக் கொண்டுபோகக் கூடாது, கல் தெறித்தால் கண்ணாடி போச்சு. அங்கே அரிவாளை எடுத்துக்கொண்டு தவழ்ந்து போக வேண்டும். எலி வளைகளுக்கு மேலேயே முழங்காலை ஊன்றிப் போவோம். வயரைக் கடிக்கிறது என்று எலி மேல் கம்பெனிக்கு அவ்வளவு கோபம். மருந்து வைப்பார்கள், நாலு செத்தால் நாற்பது வரும்.

மெஷின் பெல்ட் இடுப்பு எலும்பில் உரசி உரசிப் புண்ணாகிவிடும். சேர்ந்த முதல் வாரமே வந்துவிடும். ஆறும், மறுபடி உரியும், கடைசியில் கருத்துத் தடித்துப்போகும். எட்டுப் பேருக்கும் அந்த அடையாளம் உண்டு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் பெல்ட் புண். புதிதாக வந்தவள் வலிக்கிறது என்று அழுதால், "புண்ணு வந்துடுச்சா, அப்ப வேலை நிரந்தரம்" என்று சிரிப்போம். அப்படி முதலில் சிரிக்கிறவள் நானாகத்தான் இருப்பேன்.

இதில் எதிர்க்கட்சிக்கு என்ன பிரச்சினை என்றால், எல்லாமே பிரச்சினை. நாங்கள் வீட்டில் போடுகிற உடுப்புக்கு மேலே ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்வோம். அவள் மட்டும் முழுக்கால் பேண்ட் போட்டு, அதன் நுனியைச் சாக்ஸுக்குள் திணித்து, சட்டைக் கையை மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருப்பாள். அந்த வெயிலில். துணி விளிம்பு முழுக்கப் பூச்சி விரட்டும் களிம்பு வேறு. காற்று இந்தப் பக்கம் அடித்தால் எனக்குத் தும்மல் வரும். மதியம் பலகை நிழலில் புல்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அப்படியே அரை மணி நேரம் கட்டையைச் சாய்ப்போம். அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பாள், ஏதோ எங்களுக்குப் பரீட்சை வைக்க வந்தவள் போல. வியர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றிப் புதர்மேல் காயப்போட்டால், வந்து எடுத்து எங்கள் மடியிலேயே வீசுவாள்.

"புல்லு மேல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? அதுல பூச்சி இருக்கு."

"எங்கக்கா இருக்கு? கண்ணுக்கே தெரியல."

"தெரிஞ்சா நான் ஏன்டி சொல்லணும்? நீயே பாத்துக்க மாட்டியா?"

ஒருநாள் ஒரு மனுவை எழுதிக்கொண்டு வந்தாள். உடை மாற்றக் கதவு உள்ள ஓர் அறை, குளிக்க ஒரு குழாய், ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ், உட்கார பெஞ்ச். சூப்பர்வைசர் படித்துவிட்டு, "மெத்தை வேணாமா?" என்று கேட்டார். எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டால் தலைமை அலுவலகத்துக்கே அனுப்பலாம் என்று எங்களிடம் நீட்டினாள். முதலில் மறுத்தவள் நான்.

"நாளைக்கு வேலையை விட்டுத் தூக்கினா உன் சாக்ஸா எனக்குச் சோறு போடும்?" என்றேன்.

அவள் விடவில்லை. "கையெழுத்து வேணாம்னா விடு. தினமும் வேலை முடிஞ்சதும் ஒருத்தர் உடம்பை ஒருத்தர் பாத்துக்கலாம். கருப்பா பொருக்கு மாதிரி எங்கயாச்சும் இருக்கான்னு. இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, இந்த மாதிரி இடத்துல."

ஏழு பேர் முன்னால் நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். "வெக்கம் கெட்டவளே, உனக்கு வீட்டுல ஆள் இல்லைன்னா ஊரையே அவுத்துப் பாப்பியா?" என்றேன். அவளுக்குக் கணவன் இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

என் தங்கச்சியும் எங்கள் குழுதான். எனக்கு ஒன்பது வயது இளையவள். அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான் என்பதால் அவள் விஷயத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு திமிர் எப்போதும் உண்டு. ஒருநாள் குளித்துவிட்டு வந்து, "இடுப்புல ஏதோ கருப்பா இருக்குக்கா" என்றாள். பார்த்தேன். பெல்ட் போடுகிற இடத்திலேயே, பட்டாணி அளவுக்குக் கருப்பாக இருந்தது, சுற்றிக் கொஞ்சம் சிவப்பு. "பெல்ட் புண்ணுதான், இதுக்குப் போயி" என்று களிம்பு தடவி விட்டேன். அவளுக்கு இரண்டு வருடம் முன்னாலேயே வேலைக்குச் சேர்ந்த சீனியர் அல்லவா நான்.

நாலு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. தலைவலி என்றால் அப்படி ஒரு தலைவலி, சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது என்றாள். பக்கத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாளும் குறையவில்லை. ஐந்தாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை. ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்குச் சந்தோஷம், அவளுக்கோ உடம்பு மோசமாகிக்கொண்டே வந்தது. ஏழாம் நாள் கண் இரண்டும் சிவந்து, மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

அங்கே ஒரு இளவயது டாக்டர். தங்கமான பையன், அவரைக் குறை சொல்ல மாட்டேன். சேர்த்த அன்றே என்னிடம் கேட்டார். "உடம்புல எங்கயாச்சும் புண்ணு, பொருக்கு இருக்காம்மா?"

கேட்டாரே. என் காதில் விழுந்ததே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். பெல்ட் புண்ணு ஒண்ணுதான். அது எங்க எல்லாருக்கும் இருக்கு, மெஷின் மாட்டற இடம்." நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதும் அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். தங்கச்சியும் போர்வையை இடுப்புவரை இழுத்துப் பிடித்திருந்தாள். ஆண் டாக்டர், அவரும் கூச்சப்பட்டார், நாங்களும் கூச்சப்பட்டோம். கூச்சத்துக்கு நடுவில் என் தங்கச்சியின் உயிர் கிடந்தது.

மறுநாள் மதியம் அவர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றனவாம். கல்லீரல் வீங்கியிருக்கிறதாம். நுரையீரலில் நீர் சேர ஆரம்பித்திருக்கிறதாம். "நாளைக்குக் காலையில இதைவிட மோசமானா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம். மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டியிருக்கும். மனசைத் தைரியமா வெச்சுக்கங்க" என்றார். மனசை எங்கே வைப்பது?

பார்வையாளர் நேரத்தில் அவள் வந்தாள். வேலையிலிருந்து நேராக, பேண்ட்டும் சாக்ஸும் களிம்பு நாற்றமுமாக. ஒரு வருடம் பேசாதவள். கையில் ஹார்லிக்ஸும் இல்லை, பழமும் இல்லை. "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று கேட்டாள். எட்டு நாள் என்றேன். "திரையை இழு" என்றாள்.

"எதுக்கு?"

"பாக்கணும்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "அவ இங்க மூச்சு விட முடியாமக் கிடக்கா, நீ இங்கயும் வந்து அவுத்துப் பாக்கணுங்கறியா? போ வெளிய" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அசையவில்லை. "என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டு. அடிக்கணும்னாலும் அடி. பாத்துட்டு வாங்கிக்கறேன்" என்று சொல்லித் தானே திரையை இழுத்தாள். தங்கச்சியின் தலையைத் தடவி, "கண்ணு, அக்கா கொஞ்சம் பாக்கறேன்டா" என்றாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள், அக்குளில் பார்த்தாள், போர்வையை விலக்கினாள். இடுப்பில் வந்து கை நின்றது.

"அது பெல்ட் புண்ணு. நான்தான் களிம்பு போட்டேன்" என்றேன்.

அவள் அந்தக் கருப்பின் மேல் விரலை வைத்து நன்றாக அழுத்தினாள். "வலிக்குதா?"

"இல்லக்கா" என்றாள் தங்கச்சி, கண்ணைத் திறக்காமலே.

எதிர்க்கட்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, சட்டைக்கு மேலாகவே என் இடுப்பு எலும்பில் ஒரு அழுத்து அழுத்தினாள். உயிர் போகிற மாதிரி வலித்தது. "ஸ்ஸ்" என்று துள்ளினேன்.

"இது பெல்ட் புண்ணு. அது இல்ல" என்றாள். "ரெண்டுத்துக்கும் வித்தியாசம் உனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமா மெஷின் மாட்டற?"

பெல்ட் புண் எரியும், வியர்வை பட்டால் சுரீரென்று இழுக்கும், துணி ஒட்டும். அது எனக்குத் தெரியாதா? தினமும் அனுபவிக்கிறவள் நான். ஆனால் அதே இடத்தில் கருப்பாக எது இருந்தாலும் அதே பெயரை வைத்துவிட்டேன். கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை.

நர்ஸிடம் போய் டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். நாளைக் காலை ரவுண்ட்ஸில் வருவார் என்றாள் நர்ஸ். "நாளைக் காலையில இவ இருக்கணுமே" என்றாள் எதிர்க்கட்சி. நர்ஸ் கோபித்துக்கொண்டாள். இவள் போய் டாக்டர் அறை வாசலில் நின்றுகொண்டாள். சும்மா நிற்கவில்லை, வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். காவல்காரர் வந்தார், தள்ளி நில்லும்மா என்றார். "நீங்க வேணா என்னைத் தூக்கிட்டுப் போங்க, நானா நகர மாட்டேன்" என்றாள். சத்தம் கேட்டு டாக்டரே வெளியே வந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு இடுப்புல கருப்புப் பொருக்கு இருக்கு சார். வலி இல்ல. வந்து பாருங்க."

"அது வேலை செய்யற இடத்துல பெல்ட் உரசின புண்ணுன்னு அவங்க அக்காவே சொன்னாங்களேம்மா."

"அவ தப்பாச் சொன்னா சார்."

"நீங்க நர்ஸா?"

"இல்ல. புல்லு வெட்டறவ."

அவர் முகத்தில் ஒரு சலிப்பு வந்தது. அதைப் பார்த்ததும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. அவள் குரல் இறங்கி நான் கேட்டதே இல்லை. "என் வீட்டுக்காரர் மரம் வெட்டற வேலைக்குப் போனவர் சார். ஆறு நாள் காய்ச்சல். எல்லா டெஸ்ட்டுலயும் ஒண்ணும் இல்லன்னாங்க. ஒண்ணும் இல்லாமலே போயிட்டாரு. கடைசியாக் குளிப்பாட்டும்போதுதான் முழங்காலுக்குப் பின்னாடி பாத்தேன். கருப்பா, இதே மாதிரி. பீடி சுட்டுட்டாரு போலன்னு நெனச்சேன். மூணு வருஷம் கழிச்சு ஒரு முகாம்ல சுவத்துல படம் ஒட்டியிருந்தாங்க. உண்ணிக் காய்ச்சல்னு போட்டு, கீழ அந்தப் பொருக்கு. அந்தப் படத்தைப் பாத்துட்டு நின்ன எடத்துலயே உக்காந்துட்டேன். அன்னிலேருந்துதான் சார் நான் யார் சொன்னாலும் சரின்னு கேக்கறதில்ல. வந்து பாருங்க. பாத்துட்டு இல்லைன்னு சொல்லுங்க, நான் போயிடறேன்."

இத்தனை நாளாக எங்களில் ஒருத்திக்கும் இது தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. நாங்கள் எங்கே கேட்டோம்?

டாக்டர் வந்தார். நர்ஸை உடன் வைத்துக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். அவரும் அழுத்தினார், அவரும் கேட்டார், வலிக்குதா என்று. நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார், ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. "இதுக்கு மருந்து இருக்கு. ரொம்பப் பழைய மருந்து, இப்பவே ஆரம்பிக்கறேன்" என்றார். பிறகு எதிர்க்கட்சியைப் பார்த்து, "இன்னைக்கே சொன்னீங்க, நல்லதாப் போச்சும்மா" என்றார். அவள் "சரி சார்" என்றாள். அவள் வாயிலிருந்து சரி என்ற வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் அவள் வேலைக்குப் போகவில்லை, வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். "அதை அப்புறம் பேசிக்கலாம், இப்பப் போய் அவளுக்குத் தண்ணி குடு" என்றாள். மூன்றாம் நாள் மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. தங்கச்சி கண்ணைத் திறந்து, "அக்கா, பசிக்குது" என்றாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன். என் கையால்தானே களிம்பு தடவினேன், என் வாயால்தானே ஒன்றுமில்லை என்றேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். அது ஊசிமுனை அளவு பூச்சி, உண்ணியின் குஞ்சு. எலி இருக்கிற புல்லில் நுனியில் ஏறி உட்கார்ந்திருக்கும். உரசிக்கொண்டு போகிறவர்கள் மேல் தொற்றிக்கொள்ளும். உடனே கடிக்காது, ஊர்ந்து போய்த் துணி இறுக்கமாக இருக்கிற இடமாகப் பார்த்துக் கடிக்கும். வலிக்காது, பல பேருக்கு அரிப்புக்கூட இருக்காது. சில பேருக்குப் பொருக்கும் வராது, அதனால் காய்ச்சல் வந்தாலே வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பேண்ட்டைச் சாக்ஸுக்குள் விட வேண்டும், களிம்பு போட வேண்டும், புல்லில் உட்காரவோ படுக்கவோ கூடாது, துணியைப் புதரில் போடக் கூடாது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து உடுப்பை மாற்ற வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் எதிர்க்கட்சியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவையும் ஒரு வருடம் முன்னாலேயே வாளிமேல் உட்கார்ந்துகொண்டு சொன்னவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போனேன். கேட்டிலேயே சூப்பர்வைசர் ஒரு காகிதத்தோடு நின்றார். கழுத்தில் எப்போதும் போல ஒரு விசில். என்ன சொன்னாலும் நடுநடுவே அதை ஊதாமல் அவரால் இருக்க முடியாது. "தங்கச்சி எப்படிம்மா இருக்கா? நல்லது. இதுல ஒரு கையெழுத்து போட்டுடு."

படித்தேன். காய்ச்சல் வீட்டில் இருந்தபோது வந்தது, வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருந்தது.

"எங்க வீட்டுல கண்ணாடிப் பலகை இல்லையே சார். அதுக்கு அடியில எலியும் இல்ல" என்றேன்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா."

"ஃபார்மாலிட்டி பாத்துக்கிட்டு இருந்திருந்தா என் தங்கச்சி செத்தே போயிருப்பா சார். எனக்கு ஒரு காகிதம் பாக்கி இருக்கு, அதுல முதல்ல போடறேன்." எதிர்க்கட்சி பக்கம் கையை நீட்டினேன். "குடுக்கா."

அவள் சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய மனுவை எடுத்தாள். மடித்த இடத்தில் கிழிந்து, வியர்வையில் மை பரவியிருந்தது. ஒரு வருடமாகத் தினமும் கொண்டுவந்திருக்கிறாள். சூப்பர்வைசர் முதுகையே மேஜையாக்கிக் கையெழுத்துப் போடலாம் என்று தோன்றியது, கேட் தூணில் வைத்துப் போட்டேன். மற்றவர்களும் வந்து போட்டார்கள். அவர் விசிலை ஊதினார். மனுவில் கேட்டது வரும்வரை உள்ளே போவதில்லை என்று நாங்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தோம், புல்லில் இல்லை, தார் ரோட்டில்.

வேறு ஆளைக் கொண்டுவருவேன் என்றார். கொண்டுவரவும் செய்தார். மறுநாளே ஒரு வேன் நிறையப் பெண்கள். அவர்களைத் திட்டத்தான் நான் எழுந்தேன். எதிர்க்கட்சி என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, வேன் ஜன்னலோரம் போனாள்.

"உங்களுக்கும் பெல்ட் புண்ணு இருக்கில்ல?" என்று கேட்டாள். உள்ளே ஒருத்தி சிரித்துவிட்டு இருக்கு என்றாள். "அமுக்கிப் பாருங்க. வலிச்சா நல்லது. வலிக்காத கருப்பு ஏதாச்சும் இருந்து, காய்ச்சலும் வந்தா, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. புல்லு வெட்டறேன்னு டாக்டர்கிட்டச் சொல்லுங்க, கூச்சப்படாம எடத்தைக் காட்டுங்க. அவ்வளவுதான். இப்ப உள்ள போறதுன்னா போங்க, நான் தடுக்கல." போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். வேனுக்குள் கசமுசவென்று பேச்சு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் வேன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. எனக்கு வந்த ஆச்சரியம் கொஞ்சநஞ்சமில்லை. நானாக இருந்தால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டு, அவர்களை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்திருப்பேன்.

அப்புறம் காத்திருந்தோம். சுலபமாக இல்லை. ஐந்தாம் நாள் எங்களில் ஒருத்தி வேறு வேலைக்குப் போய்விட்டாள், மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளும் எவ்வளவு நாள்தான் ரோட்டில் உட்காருவாள். நான் அவளைத் திட்டவில்லை. மற்றவர்கள் வீட்டிலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஆனால் புல் எங்கள் பக்கம் நின்றது. மழை வேறு இரண்டு தூறல் போட்டது. இரண்டாவது வாரம் புல் பலகை விளிம்பைத் தாண்டித் தலையாட்ட ஆரம்பித்தது, மின்சாரம் இறங்கியது, தலைமை அலுவலகத்திலிருந்து சூப்பர்வைசருக்குப் போன் மேல் போன். பன்னிரண்டாம் நாள் ஒரு லாரி வந்து தகர அறை ஒன்றை இறக்கிவிட்டுப் போனது. கதவு இருந்தது, உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. வெளியே குழாய். பெஞ்சும் பூட்ஸும் அடுத்த வாரம் வந்தன. பூட்ஸ் எல்லாம் ஒரே அளவு, எனக்கு இரண்டு சாக்ஸ் போட்டால்தான் நிற்கும். எலி வளைகளை மூட ஆள் வருவார் என்றார்கள். இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

தங்கச்சி ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "எங்க போனாலும் பூச்சி இருக்கும்க்கா. இங்கயாச்சும் கதவு இருக்கு" என்றாள். அன்று சாயங்காலம் வேலை முடிந்து, ஏழு பேரும் தகர அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டோம். குளித்து வந்ததும் இரண்டிரண்டு பேராக நின்று பார்த்துக்கொள்வது என்று வழக்கம் ஆகியிருந்தது. முதல் நாள் இருந்த கூச்சம் எல்லாம் எப்போதோ போய்விட்டது. "ஏய், கிச்சுகிச்சு மூட்டாதடி", "இது மச்சம்டி, என் கல்யாணத்துக்கு முந்தியே இருக்கு" என்று சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். எதிர்க்கட்சி மட்டும் எப்போதும் கதவில் சாய்ந்துகொண்டு, யாரும் உள்ளே வராமல் காவல் நிற்பாள்.

என் தங்கச்சி அவளைப் பார்த்தாள். "அக்கா, உங்களை யார் பாக்கறது?"

"நான் வீட்டுல கண்ணாடில பாத்துக்குவேன்."

"கண்ணாடில முதுகு தெரியுமா? பின்கழுத்து தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் வராதுடி. நான் சாக்ஸ் போடறவ."

"உங்களுக்குன்னு பூச்சி தனியா பேர் எழுதி வெச்சிருக்கா? வாங்க இங்க."

அவள் நகரவில்லை. யாருக்கும் நகராதவள், இவளுக்கா நகருவாள் என்று நான் நினைத்தேன். ஆனால் தங்கச்சி போய் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். எதிர்க்கட்சி தன் சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "ஒன்பது வருஷமா யாரும் பாத்ததில்லடி" என்றாள், கதவைப் பார்த்துக்கொண்டே. யாரும் சிரிக்கவில்லை. நான் போய் அவள் சட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அப்போது வெளியே விசில் சத்தம். பிறகு தகரத்தில் தட்டுகிற சத்தம். "நேரமாச்சு, கேட்டைப் பூட்டணும். உள்ள என்னதான் பண்றீங்க?"

"இன்னும் ஒருத்தரைப் பாக்க வேண்டியிருக்கு சார்" என்றேன். "பாத்து முடிக்காம கதவு திறக்காது. ஊதறதுன்னா ஊதிக்கிட்டு இருங்க."

அவர் ஊதினார். என் தங்கச்சி அவசரமே படாமல், அவள் பின்கழுத்து முடியை விலக்கிப் பார்க்க ஆரம்பித்தாள்.